சிப்செட் 86 டிகிரி: போர்டு போய்விட்டதா, சூடு இரவலா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். காரைக்குடியில் மாடி அறை, ஏசி இல்லை. ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர், எக்ஸ்570 மதர்போர்டு, மூன்று விசிறி வைத்த ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட். ராத்திரி எட்டு மணிக்குக் கேம் ஆடினால் பிராசசர் 72, கார்டு 75, சிப்செட் (யூஎஸ்பி, டிஸ்க், நெட் போன்றவற்றைப் பிராசசரோடு இணைக்கும் போர்டுச் சில்லு) மட்டும் 86 டிகிரி. கடையில் கேட்டால் "போர்டு போகப் போகுது, மாத்திடுங்க" என்கிறார்கள். பெரிய ஹீட்சிங்க் (சில்லின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) ஒட்டினால் குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது ஹீட்சிங்க் பற்றி என்றாலும் உள்ளே இருப்பவை வேறு இரண்டு கேள்விகள்: இந்த 86 ஆபத்தா, இந்தச் சூடு யாருடையது? இரண்டாவதற்கு விடை தெரியும்வரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.

முதலில் அந்தச் சில்லு எவ்வளவு சூட்டைத் தானாக உண்டாக்குகிறது என்று பார்ப்போம். எக்ஸ்570 சிப்செட் 2019 ஜூலையில் வந்தது. கார்டும் எஸ்எஸ்டியும் பேசும் பாதையான பிசிஐஇ-யின் 4.0 வேகத்தை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்த முதல் சிப்செட் அது. அந்த வேகத்துக்கு விலையாக ஏறத்தாழ 11 வாட் இழுக்கிறது. அதனால்தான் பெரும்பாலான எக்ஸ்570 போர்டுகளில் சிப்செட் மேலேயே ஒரு குட்டி விசிறி இருக்கும். 11 வாட் என்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாமி அறையில் விடிய விடிய எரியுமே பழைய ஜீரோ வாட் பல்பு, அது இதைவிடச் சற்று அதிகமாகத்தான் இழுக்கும். ஆனால் இந்தச் சில்லு உட்கார்ந்திருக்கும் இடம் போர்டின் கீழ்-வலது மூலை. அதற்கு நேர் மேலே கூரை மாதிரி நீண்டு நிற்பது உங்கள் 3070. அந்தக் கார்டின் கணக்கு 220 வாட். அதன் விசிறிகள் காற்றைக் கீழிருந்து இழுத்துப் பக்கவாட்டில் போர்டு மேலேயே துப்புகின்றன. இருபது மடங்கு பெரிய அடுப்பு தலைமாட்டில் எரியும்போது சிப்செட்டின் 86 டிகிரியில் ஒரு நல்ல பங்கு இரவல் சூடுதான். ஹீட்சிங்க்கை மட்டும் பெரிதாக்கினால் சுற்றியிருக்கும் சூடான காற்றிலேயே அதுவும் குளிக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு இரவல், அறையினுடையது. இது உறுதியாகச் சொல்லக்கூடியது: அறை வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, உள்ளே இருக்கும் எல்லாமே கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். வெளிநாட்டு வீடியோக்களில் "எக்ஸ்570 என்றால் 65 முதல் 75" என்று சொல்பவர்களின் அறை 22, 24 டிகிரியில் இருக்கும். கான்கிரீட் தளம் போட்ட மாடி அறை சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து, பதினொன்று வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். எட்டு மணிக்கு அறைக்குள் 36 டிகிரி இருந்தால் ஆச்சரியமில்லை. 86-இல் 36 போனால் 50. அதே கணினியை 24 டிகிரி ஏசி அறையில் வைத்தால் 74 காட்டும், நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே இனிமேல் வெறும் சிப்செட் எண்ணைக் குறிக்காதீர்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் அறை வெப்பமானி கிடைக்கும். கேபினெட் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் அதை வைத்து, கழித்து வரும் வித்தியாசத்தை எழுதுங்கள். பெரிய கார்டு ஓடும் கேபினெட்டில் எக்ஸ்570-க்கு வித்தியாசம் 40 முதல் 50 வரை சாதாரணம். நீங்கள் மேல்விளிம்பில் நிற்கிறீர்கள். 40-க்குக் கொண்டுவர முடியும். 25-க்குக் கொண்டுவருவேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆபத்தா என்றால், 86 டிகிரியில் அந்தச் சில்லு எரிந்துவிடாது. இந்த வகைச் சிலிக்கான் வேலை செய்யும் எல்லைக்குள்தான் இருக்கிறது. என் அளவுகோல் இது: 80 வரை மறந்துவிடலாம். 80-க்கும் 90-க்கும் நடுவே காரணத்தைத் தேட வேண்டும். 90-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேபினெட்டைத் திறக்க வேண்டும். இது கம்பெனி அச்சடித்த எல்லை இல்லை, சற்று முன்ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளும் எல்லை. எண்ணைவிட அறிகுறிகளுக்குத்தான் மதிப்பு அதிகம். சிப்செட்டுக்குப் பின்னால் தொங்குபவை பல யூஎஸ்பி வாய்கள், சாட்டா டிஸ்க்குகள், இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டி, பெரும்பாலும் லேன். ஆட்டத்தின் நடுவே மவுஸ் ஒரு நொடி செத்துப் பிழைப்பது, டிஸ்க் காணாமல் போவது, நெட் மட்டும் அறுவது, இவையெல்லாம் சேர்ந்து சூடு ஏறிய பிறகே நடக்கின்றன என்றால் சிப்செட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: 500 வரிசை போர்டுகளில் யூஎஸ்பி விட்டுவிட்டு அறுவதை ஏ.எம்.டி 2021 தொடக்கத்தில் தானே ஒப்புக்கொண்டு, அஜீசா 1.2.0.2 என்ற பயாஸ் பதிப்பில் (பயாஸ் என்பது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) சரிசெய்தது. அதற்கு முந்தைய பயாஸ் வைத்துக்கொண்டு சூட்டின் மேல் பழி போடக் கூடாது. முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். கரண்ட் போகும் நேரத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், யூபிஎஸ் இல்லாமலும் செய்யாதீர்கள்.

எண்ணே சரிதானா என்பதையும் பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி மென்பொருளில் ஒரே போர்டுக்குப் பத்து வெப்ப எண்கள் வரிசையாக வரும். சிப்செட், பிசிஎச் (சிப்செட்டின் இன்னொரு பெயர்), சிஸ்டம், விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) என்று பெயர்கள் கலந்து கிடக்கும். எதுவும் இணைக்காத சென்சார் மைனஸ் 55 என்றோ 127 என்றோ நிலையாக நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பயாஸுக்குள் போய் அங்கே சிப்செட் என்று காட்டும் எண்ணும் மென்பொருள் எண்ணும் நெருங்கி இருக்கின்றனவா பாருங்கள். லேசர் வெப்பமானி கையில் இருந்தால் பளபளக்கும் அலுமினியம் மேல் நேராகக் காட்டாதீர்கள். பளபளப்பு சுற்றியிருப்பதைப் பிரதிபலித்து இருபது, முப்பது டிகிரி குறைத்துக்கூடக் காட்டிவிடும். ஹீட்சிங்க் மேல் விரல் நகம் அளவு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, டேப் மேல் அளங்கள்.

இனி சோதனை. ஒரு ரூபாய் செலவில்லை, இரண்டு ராத்திரி போதும். முதல் ராத்திரி கேம் எதுவும் திறக்காமல் டெஸ்க்டாப்பில் நாற்பது நிமிடம் ஓட விட்டு, சிப்செட்டிலிருந்து அறையைக் கழியுங்கள். வித்தியாசம் 25 முதல் 32 வரை என்றால் ஹீட்சிங்க் ஒழுங்காக ஒட்டியிருக்கிறது, குட்டி விசிறியும் உயிரோடு இருக்கிறது. கார்டு சும்மா இருக்கும்போதே 40-ஐத் தாண்டினால் இரவல் கதை செல்லாது. சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே சூடு கடத்தும் ஒட்டு காய்ந்திருக்கிறது, இல்லை விசிறி நின்றிருக்கிறது. இரண்டாம் ராத்திரி வழக்கமான கேமை வழக்கமான செட்டிங்கில் அரை மணி நேரம் ஆடி எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு அரை மணி ஆடுங்கள். வித்தியாசம் எட்டு, பத்து டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் நோய். இரண்டு, மூன்றுதான் இறங்குகிறது என்றால் ஒரு டேபிள் ஃபேனைத் திறந்த பக்கத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மறுபடி சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவேதான் சிக்கல். நீங்கள் கொடுத்த எண்களை வைத்துப் பார்த்தால் காற்றோட்டத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனாலும் இந்த இரண்டு ராத்திரி எண்கள் இல்லாமல் அது வெறும் ஊகம்.

காற்றோட்டம் என்று வந்தால், கண்ணாடி முகப்பு கேபினெட் அழகுக்காகச் செய்தது. காற்று வர ஓரத்தில் விரல் கனத்துக்கு ஒரு சந்து, அதிலும் ஒரு வலை. நான்கு விசிறி வைத்தாலும் அந்தச் சந்து விட்டால்தான் காற்று. கண்ணாடியைத் தாங்கும் ஊக்குகளில் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ரப்பர் துண்டு வைத்து முகப்பை முன்னால் தள்ளிவிட்டுப் பாருங்கள், பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் பலன் தெரியும். விசிறியின் திசை தவறாக இருப்பது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. இறக்கை திறந்து தெரியும் பக்கம் காற்றை இழுக்கும். மோட்டாரைத் தாங்கும் நான்கு கால்கள் தெரியும் பக்கம் காற்றை ஊதும். ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன்பக்கம் இரண்டு 120 மி.மீ. விசிறி உள்ளே, பின்னால் ஒன்று வெளியே என்பது குறைந்தபட்சம். முன்பக்க இரண்டில் ஒன்றைக் கீழ் இடத்துக்கு இறக்குங்கள். மூன்று இடம் இருக்கும் கேபினெட்டில் மேலே இரண்டையும் போட்டுக் கீழே காலியாக விடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் காற்று பிராசசருக்குப் போகும், கார்டுக்கும் சிப்செட்டுக்கும் நடுவே உள்ள இருட்டு மூலை மட்டும் அப்படியே புழுங்கும்.

அந்த மூலைக்கு நேரடி மருந்து ஒன்று உண்டு. பவர் சப்ளையை மூடியிருக்கும் தகடு மேல் துளைகள் இருந்தால், 120 மி.மீ. விசிறி ஒன்றைப் படுக்கையாக வைத்து மேல்நோக்கி ஊத விடுங்கள். இடம் குறைவென்றால் 15 மி.மீ. கனமுள்ள மெல்லிய விசிறி. அது எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பதைப் பாருங்கள். தகட்டுக்கு அடியில் முன்பக்கம் திறந்திருந்தால் நல்லது, கேபிள் மூட்டையாக அடைத்திருந்தால் சும்மா சுற்றும். ஒன்றும் பொருந்தாத கேபினெட்டில் 80 மி.மீ. விசிறியைக் கார்டின் முன்னோரத்தில், போர்டுக்குச் சாய்வாக, இரண்டு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டலாம். நிமிடத்துக்கு 1000 சுற்று போதும். வேண்டியது கார்டுக்கு அடியில் தேங்கும் காற்று நகர்வது, புயல் அல்ல. போர்டின் விசிறி முனை ஒன்றில் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். பிரிப்பான் கேபிள் போட்டு இரண்டு, மூன்று விசிறி தொங்கவிடும் முன் ஒவ்வொன்றின் லேபிளில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள்.

விசிறி எந்த எண்ணைப் பார்த்து வேகம் கூட்டுகிறது என்பது பலர் தொடாத இடம். பயாஸில் கேபினெட் விசிறிகள் பிறந்ததிலிருந்தே பிராசசர் வெப்பத்தைப் பின்தொடரும்படி வைத்திருக்கும். கேமில் பிராசசர் ஒன்றும் பெரிதாகக் காயாது, விசிறி அரைத் தூக்கத்தில் சுற்றும், கார்டு பக்கம் வெந்துகொண்டிருக்கும். நிறைய போர்டுகளில் ஒவ்வொரு விசிறிக்கும் எந்த சென்சார் என்று தேர்ந்தெடுக்க முடியும். முன்பக்கக் கீழ் விசிறிக்குச் சிப்செட் சென்சாரைக் கொடுத்து, 55-இல் 40 சதவீதம், 70-இல் 70, 80-இல் முழு வேகம் என்று ஒரு கோடு போடுங்கள். கார்டின் வெப்பத்தைப் பின்தொடர வேண்டுமென்றால் விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். சிப்செட் விசிறிக்கே பயாஸில் சைலன்ட், பேலன்ஸ்டு, ஃபுல் என்று மூன்று நிலை இருந்தால், நம் ஊர்க் கோடையில் சைலன்ட் கூடாது.

இப்போது எல்லாவற்றையும்விடப் பலனுள்ளது, அதற்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். சூட்டைக் கொடுப்பவரிடமே குறைக்கச் சொல்வது. ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு மென்பொருளில் பவர் லிமிட் என்ற நகர்த்துகோலை 100-லிருந்து 80-க்கு இறக்குங்கள். 220 வாட் 176 ஆகும். 44 வாட் குறைவு, அதாவது சிப்செட் தானாக உண்டாக்கும் சூட்டைப் போல நான்கு மடங்கு, அதன் தலைக்கு மேலிருந்து போய்விடுகிறது. ஃப்ரேம் இழப்பு கேமுக்குக் கேம் மாறும், பெரும்பாலானவற்றில் நூறுக்கு ஐந்தாறுதான் போகும், கண்ணுக்குத் தெரியாது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் ஃப்ரேமை 141-இல் கட்டிவிடுங்கள். மெனு திரையில் 600 ஃப்ரேம் வரைந்து கார்டு தண்டமாகக் காய்வதும் அதோடு நிற்கும். பவர் லிமிட்டைக் குறைப்பதால் கார்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. வோல்டேஜ் கோட்டை வளைத்து இன்னும் குறைக்கலாம்தான், ஆனால் அதற்குப் பொறுமையான சோதனை வேண்டும். பவர் லிமிட்டில் கிடைப்பது போதவில்லை என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

எஸ்எஸ்டியைப் பாருங்கள். பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள முதல் எம்.2 இடம் (எஸ்எஸ்டியைப் போர்டிலேயே செருகும் இடம்) நேராகப் பிராசசரோடு பேசும். கார்டுக்குக் கீழே உள்ள இரண்டாவது, சிப்செட் வழியாகப் பேசும். ஒரே ஒரு எஸ்எஸ்டியை இரண்டாவதில் போட்டிருந்தால் சிப்செட்டுக்கு வீண் வேலை. அதோடு அந்த எஸ்எஸ்டி தன் ஐந்தாறு வாட் சூட்டையும் பக்கத்திலேயே, சில போர்டுகளில் அதே உலோக மூடிக்கே கொடுக்கும். முதல் இடத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸ் மறுபடி போட வேண்டியதில்லை, பயாஸில் பூட் வரிசையைச் சரிபார்த்தால் போதும். அந்த மூடியைக் கழற்றும்போது உள்பக்க பேட் (சூடு கடத்தும் மெத்தென்ற பட்டை) மேல் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். நீல நிறத்தில் இருக்கும், சிலவற்றில் நிறமே இல்லாமல் இருக்கும். கடையில் பூட்டிய கணினியிலும் அது உரிக்காமல் இருப்பதுண்டு. இரண்டு எஸ்எஸ்டி வைத்திருந்தால், பயாஸில் கீழ் எம்.2 இடத்தையும், அந்த வசதி இருந்தால் சிப்செட் இணைப்பையும் ஜென்4-லிருந்து ஜென்3-க்கு, அதாவது பிசிஐஇ 4.0-லிருந்து 3.0-க்கு, இறக்கலாம். சிப்செட் சில டிகிரி இறங்கும். எத்தனை என்பது போர்டுக்குப் போர்டு மாறும், இரண்டிலிருந்து எட்டு வரை எதுவும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் தெரியாது. கார்டின் இடத்தை ஜென்3 ஆக்க வேண்டாம், அது சிப்செட்டைத் தொடாது. பயன்படுத்தாத சாட்டாவை அணைப்பது, ஏஎஸ்பிஎம் (பிசிஐஇ இணைப்பைச் சும்மா இருக்கும்போது தூங்கவிடும் வசதி) போடுவது என்றெல்லாம் சொல்வார்கள். முதலாவது அளக்கத் தகாத அளவு. இரண்டாவது சில எஸ்எஸ்டிகளில் திடீர் முடக்கத்தைக் கொண்டுவரும். சிப்செட் வோல்டேஜைக் கையால் குறைப்பதை விட்டுவிடுங்கள், வரும் லாபத்துக்குத் தலைவலி அதிகம்.

கணினி இருக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். செம்மண் பூமி, ஆடிக்காற்று ஆரம்பித்தால் ஜன்னல் மூடியிருந்தாலும் தரையில் கால் தடம் தெரியும். புதுவயல் பக்கம் அரிசி ஆலைக்கு அருகே என்றால் உமித் தூசியும் சேர்ந்துகொள்ளும். ஆத்தங்குடிக் கல் தரை குளுகுளுவென்று இருக்கிறது என்று கேபினெட்டைத் தரையிலேயே வைப்பவர்கள் உண்டு. தரையின் குளிர்ச்சி ரப்பர் கால்களைத் தாண்டி ஏறாது, தூசி மட்டும் ஏறும். ஒரு சாண் உயரத்துக்கு மணை போட்டு ஏற்றுங்கள். கம்ப்யூட்டர் டேபிளில் சிபியுவுக்கென்று கதவோடு செய்த பெட்டிக்குள் வைத்திருந்தால் முதல் வேலை அதை வெளியே எடுப்பது. பின்பக்கம் ஊதும் சூடான காற்று பெட்டிக்குள்ளேயே சுற்றி முன்பக்கமாக மறுபடி உள்ளே போகும், மேலே சொன்ன எதுவும் பலிக்காது. மாடியைவிட்டுக் கீழே இறக்க முடியுமென்றால் பழைய வீடுகளில் வளவை (முற்றத்தை) ஒட்டிய அறைகள் கோடையில் நிச்சயம் நல்லவை, கனத்த சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் மாடி அறையைவிட நாலைந்து டிகிரி குறைவாக வைத்திருக்கும். ஆனால் அந்த அறைகளில் பலவற்றுக்கு வெளிப்பக்க ஜன்னல் கிடையாது. கணினியும் மானிட்டரும் சேர்ந்து 400 வாட் கொட்டும்போது கதவைச் சாத்திக்கொண்டு ஆடினால் ஒரு மணி நேரத்தில் லாபம் காணாமல் போகும். வளவுப் பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் அறைக்குள் இருக்கலாம், கேபினெட்டுக்கு நேராக ஊதக் கூடாது. ஈரமும் தூசியும் சேர்ந்தால் ஹீட்சிங்க் இடுக்கில் கஞ்சி போட்ட மாதிரி இறுகிவிடும்.

தூசி எடுப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று அடிப்பது. அந்தக் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து போர்டு மேல் தெளிக்கும். கையில் பிடிக்கும் எலெக்ட்ரிக் புளோயர் நல்லது, ஒரு அடி தள்ளிப் பிடித்து, குறைந்த வேகத்தில். சிப்செட் விசிறியின் இறக்கையை ஒரு பல்குச்சியால் தடுத்துக்கொண்டுதான் ஊத வேண்டும். சும்மா ஊதினால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போய்விடும். முன்பக்க வலையைக் கோடையிலும் ஆடியிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் ஒருமுறை போதும். உள்ளே பல்லி முட்டையோ எறும்புக் கூடோ இருந்தால் சிரிக்காதீர்கள், சூடான இடம் தேடித்தான் வருகின்றன. பின்பக்கம் மூடாத கார்டு சந்துகளுக்குத் தகடு போட்டால் பாதி வராது.

சிப்செட் விசிறி கரகரவென்று சத்தம் போட்டாலோ, நின்று நின்று சுற்றினாலோ, மையத்தில் உள்ள ஸ்டிக்கரைப் பாதி தூக்கித் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஒரு சில மாதம் ஓடும். சாதாரண ஸ்லீவ் பேரிங் என்றால்தான் இது பலிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். அது புது விசிறி வரும்வரை நாளைத் தள்ளத்தான். சரியான விசிறி கிடைக்காத போர்டில், செத்த விசிறியைக் கழற்றிவிட்டு அதே இடத்துக்கு மேலே 40 மி.மீ. சதுரம், 10 மி.மீ. கனமுள்ள விசிறியை வைப்பதுண்டு. கார்டு இடிக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

சோதனையில் ஒட்டுதான் குற்றவாளி என்று தெரிந்தால் மட்டும் ஹீட்சிங்க்கைக் கழற்றுங்கள். இதற்குப் போர்டையே வெளியே எடுக்க வேண்டும், ஏனெனில் ஸ்க்ரூக்கள் பின்பக்கமாக இருக்கும். வாரண்டி பொதுவாக மூன்று வருடம். ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் இருந்து, வாரண்டியும் மிச்சம் இருந்தால் சர்வீஸுக்குக் கொடுப்பதே மேல். நீங்களே செய்வதென்றால்: சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை விடுங்கள். ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் மொபைலில் படம். போர்டை அட்டைப்பெட்டி மேல் கவிழ்த்து, சிப்செட்டைச் சுற்றியுள்ள இரண்டு முதல் நான்கு ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். சில்லுக்கு மேலே பிராசசருக்கு இருப்பது மாதிரி உலோகத் தொப்பி கிடையாது, வெறும் சிலிக்கான். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மூலை உடைந்து போர்டு உண்மையிலேயே போய்விடும். ஹீட்சிங்க் வர மறுத்தால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரில் இரண்டு நிமிடம் சூடு காட்டி மெல்லத் திருகுங்கள், விட்டுவிடும்.

உள்ளே பேஸ்ட் இருக்கிறதா, பேட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த அடி. பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் தடவினால் இடைவெளி நிரம்பாது, முன்பைவிட மோசமாகும். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் 99 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் கூடாது. பேட் என்றால் கனம் முக்கியம். சிலிக்கானின் பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர், 11 வாட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உறையில் வெப்பம் கடத்தும் திறன் 3 என்று போட்ட 1 மி.மீ. பேட் தனக்குள்ளேயே 29 டிகிரியைத் தின்னும். 6 என்று போட்டது 15 டிகிரி. அதே 6-இல் அரை மி.மீ. கனம் 7 டிகிரி. பேட் நசுங்குவதால் நிஜத்தில் சற்றுக் குறையும், ஆனால் விகிதம் இதுதான். இடைவெளியை அளக்கப் பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும்: மிளகு அளவு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்துச் சில்லு மேல் வைத்து, ஹீட்சிங்க்கை ஸ்க்ரூ போட்டு முழுக்க இறுக்கித் திரும்பக் கழற்றுங்கள். தட்டையாகிக் கிடக்கும் களிமண்ணின் கனத்தோடு கால் மி.மீ. கூட்டினால் வாங்க வேண்டிய பேட். அதைவிடக் கனமாக, கல் மாதிரி இறுகிய பேட் வைத்து முறுக்கினால் போர்டு வளையும். களிமண் தாள் மாதிரி மெலிந்து ஒட்டியிருந்தால் பேட்டே வேண்டாம், மின்சாரம் கடத்தாத பேஸ்ட் பாதி அரிசி அளவு. லிக்விட் மெட்டல் எக்காரணம் கொண்டும் கூடாது, அலுமினிய ஹீட்சிங்க்கை அரித்துவிடும். நீங்கள் முதலில் கேட்ட பெரிய ஹீட்சிங்க்கின் கதியும் இங்கேயே தெரிந்துவிடும்: கார்டுக்கு அடியில் கிடைக்கும் உயரம் பெரும்பாலும் ஒரு விரல் கனம்தான், அதற்குள் பெரிதாக எதுவும் நிற்காது. இருக்கிற ஹீட்சிங்க் மேல் இன்னொன்றை டேப் வைத்து ஒட்டுவதில் ஓரிரு டிகிரி கிடைத்தால் அதிகம். சூட்டில் டேப் இளகிக் கார்டின் விசிறிக்குள் விழும் வாய்ப்பு அதைவிட அதிகம்.

போர்டை மாற்றச் சொன்னதற்கு உங்கள் எண்கள் காரணமாகாது. யூஎஸ்பி, டிஸ்க், லேன் மூன்றும் ஒழுங்காக ஓடும் போர்டை வெறும் 86-ஐப் பார்த்து யாரும் மாற்ற வேண்டாம். நாளைக்கு வேறு காரணத்துக்காக மாற்ற நேர்ந்தால் பி550 வாங்குங்கள். 2020 ஜூனில் வந்தது, சிப்செட் 3.0 வேகத்திலேயே நிற்பதால் விசிறியே தேவைப்படாது, கார்டும் முதல் எஸ்எஸ்டியும் பிராசசரிலிருந்தே 4.0 வேகம் வாங்கிக்கொள்ளும், உங்கள் 5800எக்ஸும் அதில் அப்படியே உட்காரும். இப்போதைக்கு இன்றிரவு பவர் லிமிட்டை 80-க்கு இறக்கிவிட்டு, முன் கண்ணாடியைக் கழற்றி வைத்து அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். அறை எண்ணையும் சிப்செட் எண்ணையும் சேர்த்து எழுதினால் அடுத்து பேட் பக்கம் போவதா, விசிறி பக்கம் போவதா என்று சொல்லிவிடலாம்.